வீட்டுக் கணினியில் உளவு நிரல்: காசில்லாமல் களைவது எப்படி?

ஸ்பைவேர் எனப்படும் உளவு நிரலுக்குக் கணினி நன்றாக ஓட வேண்டும். அப்போதுதான் யாருக்கும் சந்தேகம் வராது. விசைப்பலகையில் தட்டுவதையும், பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும், திரையில் தெரிவதையும் அது சத்தமில்லாமல் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை இரண்டே மாதங்களில், ‘லம்மா’ என்ற திருட்டு நிரல் புகுந்த விண்டோஸ் கணினிகளாக மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தவை மட்டும் 3,94,000-க்கு மேல்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பல வீட்டுக் கணினிகள் பாதி அலுவலகமாகவும் இருக்கின்றன. சிப்காட் ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைக்காரர் இரவில் ஜிஎஸ்டி கணக்கைப் பதிவதும் டிராயிங்கைத் திறந்து பார்ப்பதும், பிள்ளைகள் கேம் ஆடும் அதே சிஸ்டத்தில்தான். திருடு போனால் குடும்பத்தின் வங்கிக் கணக்கோடு, ஆர்டர் கொடுத்த கம்பெனியின் வரைபடமும் சேர்ந்து போகும்.

உளவு நிரல் வரும் முக்கியமான வழி கிராக். விலை அதிகமான கேட் (CAD) வரைபட மென்பொருளையோ கணக்கு மென்பொருளையோ ஓசியில் ஓடவைக்க இறக்கும் திருட்டு நகலோடு அது ஒட்டிக்கொண்டு வருகிறது. கைமாறி வரும் பழைய சிஸ்டங்களில் அந்த நகல் முன்பே போடப்பட்டிருப்பதும் உண்டு. அண்மையில் பரவியிருக்கும் இன்னொரு தந்திரம் போலி ‘நான் ரோபோ அல்ல’ பக்கம். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எதையோ ஒட்டி, எண்டர் தட்டச் சொல்லும். உண்மையான சோதனை எதுவும் இப்படிக் கேட்பதே இல்லை.

கிராக்கோடு வரும் குறிப்பு வழக்கமாக இரண்டு வேலை சொல்லும்: ஆன்டிவைரஸை நிறுத்து, இந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர். நிறுத்திய ஆன்டிவைரஸைப் பிறகு பலரும் மறக்காமல் இயக்கிவிடுகிறார்கள். விலக்குப் பட்டியலோ அப்படியே கிடக்கிறது. அதன் பிறகு எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் அந்த ஃபோல்டருக்குள் அந்த ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்காது. ‘ஒன்றும் இல்லை’ என்று வரும் பச்சை டிக்கை நம்பி ஏமாறுவது இதனால்தான்.

உளவுநீக்கிகளின் கதை கால் நூற்றாண்டுப் பழையது. 1999-இல் ஆட்-அவேர், 2000-இல் ஜெர்மானியர் பாட்ரிக் கோலாவின் ஸ்பைபாட் ஆகியவை இலவசமாகவே வந்தன. 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற சிறு நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதன் மென்பொருள்தான் பிறகு டிஃபெண்டர் ஆகி, 2012-இல் விண்டோஸ் 8-உடன் முழு ஆன்டிவைரஸாகவே சேர்ந்து வந்தது. இதே காலத்தில் ஸ்பைஷெரிஃப் போன்ற போலிகளும் கிளம்பின. இல்லாத வைரஸைக் காட்டி மிரட்டிப் பணம் கேட்பதே அவற்றின் தொழில். ‘இலவச ஸ்பைவேர் ரிமூவர்’ என்று தேடி, முதலில் வருகிற விளம்பரத்தைச் சொடுக்குவது இன்றும் ஆபத்துதான். முதல் கருவி கணினிக்குள்ளேயே இருக்கும்போது அப்படித் தேட வேண்டிய தேவையும் இல்லை.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். தேவையான கருவிகளை இறக்கிப் புதுப்பித்துக்கொண்ட பிறகு வைஃபையைத் துண்டிக்க வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் சென்று, வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் அடியில் உள்ள ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைக் காலி செய்ய வேண்டும். அதன்பின் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’. இதைத் தேர்ந்தால் கணினி அணைந்து, வழக்கமான விண்டோஸ் எழும் முன்பே ஸ்கேன் தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் ஒளிந்து தப்பிக்கும் நிரல்கள் இதில் மாட்டிக்கொள்ளும். ஏறக்குறைய 15 நிமிட வேலை.

இரண்டாவது கருத்துக்கு, இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017 பிப்ரவரி 21-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா இருக்கிறது. சென்னையின் கே7, புனேயின் குவிக்ஹீல், இ-ஸ்கேன் ஆகிய நிறுவனங்களின் நீக்கும் கருவிகளை அதன் தளத்தில் காசில்லாமல் இறக்கலாம். விளம்பர நிரல்களுக்கு மால்வேர்பைட்ஸின் ஆட்வ்கிளீனர் நன்று. மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனர் இறக்கியதிலிருந்து 10 நாள்தான் செல்லும். பிறகு புதிதாக இறக்க வேண்டும். இவையெல்லாம் ஒருமுறை ஓட்டிவிட்டு மூடும் கருவிகள். முழுநேர ஆன்டிவைரஸ் இரண்டைப் போட்டால் ஒன்றையொன்று தடுத்துச் சிஸ்டத்தைத் திணறடிக்கும். முழுக்கத் திறந்த மூலமான கிளாம்ஏவி, லினக்ஸ் பென்டிரைவிலிருந்து எழுப்பிப் பழைய வட்டைச் சோதிக்க உதவும். அதை மட்டும் நம்பி விண்டோஸை விட்டுவிட முடியாது.

பிரவுசரைத் தனியாகப் பார்க்க வேண்டும். தெரியாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குவது ஒன்று. அறிவிப்பு அனுமதிகளைத் துடைப்பது மற்றொன்று. திரையின் ஓரத்தில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று குதிக்கும் பெட்டிகள் பலவும் எப்போதோ ‘அலோ’ அழுத்திய ஏதோ ஒரு தளத்தின் அறிவிப்புகளே. சர்வீஸ் கடைக்குத் தூக்கிப்போக வேண்டிய அவசியமே இல்லாத நோய் இது.

அடுத்தது பாஸ்வேர்டு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சுத்தமாகாத கணினியிலேயே மாற்றினால் புதியதும் உடனே திருடன் கைக்குப் போகும். வேறொரு நல்ல கருவியிலிருந்து மாற்ற வேண்டும். லம்மா போன்றவை பாஸ்வேர்டோடு, உள்நுழைந்த நிலையைக் காக்கும் குக்கீகளையும் அள்ளிச் செல்கின்றன. அவை கையில் இருந்தால் ஓடிபி கேட்காமலேயே உள்ளே போக முடியும். ஆகவே மெயிலில் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பின் ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலையும் பார்த்துவிட வேண்டும்.

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே போய்வரும் பென்டிரைவை மறந்தால் செய்தது அத்தனையும் வீண். ஃபோல்டர் ஒவ்வொன்றின் மேலும் சிறு அம்புக்குறி தெரிந்தால் அது ‘ஷார்ட்கட் வைரஸ்’. உண்மையான ஃபோல்டர் மறைந்திருக்கும். அம்புக்குறியைச் சொடுக்கினால் நிரல் ஓடும். சொடுக்காமல் பென்டிரைவை முழுவதுமாக ஸ்கேன் செய்த பிறகே மறைந்த கோப்புகளைத் திறந்து பார்க்கலாம்.

மூலக் காரணமான கிராக்கும் போக வேண்டும். கடிதம், கணக்குத்தாளுக்கு லிப்ரே ஆஃபீஸ் தாராளமாகப் போதும். இலவச கேட் மென்பொருளான ஃப்ரீகேட் 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டியது. முப்பரிமாண ஸ்டெப் கோப்புகளை நன்றாகவே திறக்கும். டிடபிள்யூஜி வரைபடங்களுக்கு மாற்றி ஒன்று வேண்டும், அதில் சில சமயம் கோடுகள் பிசகும். அத்தகைய வேலைக்கு உரிமம் வாங்குவதே வழி.

இத்தனைக்குப் பிறகும் நிரல் திரும்பத் திரும்ப முளைத்தால் பார்மட்தான். படங்கள், ஆவணங்கள், வரைபடங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, செயலிக் கோப்புகளை விட்டுவிட வேண்டும். விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் முதலில் செய்ய வேண்டியது 1930-க்கு அழைப்பு. நாடு முழுவதற்கும் ஒரே எண். ஓசூர்க்காரரின் கணக்கு கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக் கிளையில் இருந்தாலும் இதுவேதான்.