மலையில் துணிவும் மடியில் சிக்கனமும்

வீரச் செயல்களில் நாட்டம் கொள்வது இளமையின் இயல்பு. அதற்குக் கையில் பொருளின்மை மாணவப் பருவத்தின் இயல்பு. இவ்விரண்டையும் இணைத்துக் காண மணாலி நமக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

இமாச்சலப் பிரதேசத்தில், பியாஸ் ஆற்றங்கரையில், ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் அமைந்தது இம்மலை நகரம். பாராகிளைடிங், ஆற்றுப் படகுச் சவாரி, பனிச்சறுக்கு எனத் துணிவு விளையாட்டுகள் பல இங்குண்டு. ஆயினும் காசு கேளாதது மலைநடையே. வசிஷ்ட் சிற்றூரிலிருந்து ஜோகினி அருவிவரை நடந்தே சென்று மீளலாம். முறையாகப் பயில விழைவோர்க்கு 1961இல் தொடங்கப்பெற்ற மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் இங்கே உள்ளது.

சிக்கனத்தை எங்கே கொள்வது? பயணத்தில் கொள்ளலாம், அரசுப் பேருந்து உண்டு. தங்குமிடத்தில் கொள்ளலாம், பலராய்ச் சென்றால் அறை வாடகை பகிர்ந்துகொள்ளப்படும். காப்பில் மட்டும் கொள்ளலாகாது. பாதி விலைக்குப் பறக்க ஒருவர் அழைத்தால், எதனைக் குறைத்து விலையைக் குறைத்தார் என நாம் வினவுதல் வேண்டும். பறக்கச் செய்பவரின் உரிமம், தலைக்கவசம், மாற்றுப் பாராசூட் ஆகியவற்றைக் கண்ணாற் கண்ட பின்னரே காலெடுத்து வைத்தல் முறை. மழைக்காலமாதலின் ஆண்டுதோறும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மாநில அரசு பாராகிளைடிங்கைத் தடை செய்கிறது. அந்நாளில் எத்துணை மலிவாய் அழைப்பினும் மறுத்தலே அறிவுடைமை.

மணாலிக்கு மேலே 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயில் காற்றழுத்தம், கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் குறைவு. ஆதலின் அங்கு ஏறுமுன் மணாலியில் தங்கி உடலைப் பழக்குதல் வேண்டும். அதற்குச் செலவாவது காலம் மட்டுமே.

பிள்ளையின் வரவு நோக்கி வாயிலில் நிற்கும் தாய்க்கு, அவன் மிச்சம் பிடித்த ரூபாய் ஒரு பொருட்டன்று. அவன் நலமாய் மீள்வதே பெரிது.