செல்போன் கேமரா சொல்லும் இடுப்பளவு: எவ்வளவு நம்பலாம்?

முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். இரண்டையும் எடுத்தால் இடுப்பு, மார்பு, தொடைச் சுற்றளவுகளோடு உடல் கொழுப்பின் விகிதத்தையும் கணித்துச் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. அவை தரும் எண்ணை நம்பி உடல்நலத்தை எடைபோடலாமா?

இடுப்பளவு ஏன் முக்கியம்?

உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ., கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்று காட்டாது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்களையே இதற்குச் சான்றாக்கினார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. உடல் கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2%, யுட்கினுக்கு 9.1%. ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்கும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடலாம். அதனால்தான் இடுப்பளவில் இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று மருத்துவர்கள் எச்சரிக்கை எல்லை வகுத்திருக்கிறார்கள்.

செயலி எப்படிக் கணிக்கிறது?

படத்திலிருந்து உடலின் வெளிக்கோட்டைப் பிரித்தெடுக்கிறது. நாம் பதியும் உயரத்தை அளவுகோலாகக் கொண்டு, ஏற்கெனவே பயின்ற உடல்களின் அளவுகளோடு ஒப்பிட்டுச் சுற்றளவை ஊகிக்கிறது. 165 செ.மீ. உயரமுள்ளவர் 168 என்று பதிந்தால், 90 செ.மீ. இடுப்பு ஏறத்தாழ 91.6 ஆகிவிடும். தொளதொள உடை, சாய்ந்த போன், மங்கிய வெளிச்சம், வயிற்றை எக்கி நிற்பது எல்லாமே கணக்கைக் கெடுக்கும். கல்லீரலில் படிந்த கொழுப்பு கேமராவுக்குத் தெரியவே தெரியாது.

எப்படிப் பயன்படுத்துவது?

முதல் அளவை இன்ச் டேப்பால் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்டதும், இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2022-ல் பரிந்துரைத்தது. அதே உடை, அதே இடம், அதே தூரம் என்று படமெடுத்தால், மாதாமாதம் வரும் மாற்றத்தைக் கவனிக்கச் செயலி உதவும்.

குறைந்த உடையில் எடுக்கும் படம் போனிலேயே தங்குகிறதா, நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறதா என்று பார்த்த பிறகே அனுமதி கொடுங்கள். படத்திலிருந்து கொழுப்பைக் கணித்த ‘ஹாலோ’ சேவையை 2020-ல் தொடங்கிய அமேசான், 2023-ல் அதை மூடிவிட்டது. செயலி நின்றுபோனால் படங்கள் என்னவாகும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

டேப்பில் அளவு எல்லையைத் தாண்டினால், செயலி என்ன சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.