மாஸ்டர் பிள்ளைக்கு எத்தனை மார்க்?

தண்டவாளத்தின் கேஜை இருவர் அளந்து வேறு வேறு எண் சொன்னால், ரயில்வேயில் முதலில் அளவுகோலைத்தான் சோதிப்போம்.

பேத்தி தமிழில் பேசினால் பள்ளியில் 'ஐயோ ஐயோ' என்று சிரிக்கிறார்களாம். இந்திப் படங்கள் நம்மவரை எவ்வளவு மரியாதையாகக் காட்டுகின்றன என்று இருவரும் மார்க் போட உட்கார்ந்தோம். முதலில் 'படோசன்' (1968). மெஹ்மூத் நடித்த பாட்டு வாத்தியார் மாஸ்டர் பிள்ளை. ஐந்துக்கு நான் போட்டது 1. அவள் 4!

"குடுமியையும் உச்சரிப்பையும் வைத்தல்லவா சிரிக்க வைக்கிறான்!" என்றேன்.

"தாத்தா, அவர் சொந்தக் குரலில் பாடுகிறார். போட்டியில் ஜெயித்தவர் வெறுமனே வாயசைத்தார்."

அதுவும் சரிதான். கேள்விதான் கோளாறு. அதை இரண்டாக உடைத்தோம்: பேச்சைக் கேலி செய்யும் காட்சிகள் எத்தனை? வித்தை தெரியும் காட்சிகள் எத்தனை? தனித்தனியே எண்ணியபோது எங்கள் கணக்கு ஏறக்குறைய ஒத்து வந்தது.

அடுத்த ஞாயிறு 'சென்னை எக்ஸ்பிரஸ்' (2013).