வெங்காயத்தின் டி.என்.ஏ.யும் நம் டி.என்.ஏ.யும்

குசினியில் கறிக்கு வெட்டும் பெரிய வெங்காயத்தின் ஜீனோம், அதாவது ஒரு கலத்துக்குள் இருக்கும் முழுப் பரம்பரைத் தகவல் தொகுதி, ஏறத்தாழ 1,600 கோடி எழுத்து நீளமானது. மனிதனுடையது சுமார் 310 கோடி. ஃபுகு எனும் பேத்தை மீனுக்கு 40 கோடி போதும். அவுஸ்திரேலிய நுரையீரல் மீனுக்கோ 4,000 கோடிக்கும் மேல். (டி.என்.ஏ.யில் வரிசையாக அமையும் நான்கு வகை மூலங்களையே இங்கு எழுத்து என்கிறோம்.)

"அப்ப வெங்காயம் எங்கள விடப் பெரிய ஆளா?" என்று கேட்கத் தோன்றும். இல்லை. ஜீனோமின் நீளம் ஓர் உயிரின் சிக்கலைக் காட்டாது. நம் ஜீனோமில் புரதம் ஆக்குவதற்கான குறிப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சம் எப்படிச் சேர்ந்தது?

ஒரு வழி, பழுதாகிப்போன பரம்பரையலகுகள். ஆடு தனக்கு வேண்டிய விற்றமின் சியைத் தன் ஈரலிலேயே ஆக்கிக்கொள்கிறது. நாம் தேசிக்காயையும் நெல்லிக்காயையும் தேட வேண்டும். அதற்குரிய நொதியத்தின் பரம்பரையலகு நம்மிடமும் குரங்கினங்கள் பலவற்றிடமும் உடைந்து கிடக்கிறது. உணவிலேயே விற்றமின் தாராளமாகக் கிடைத்த காலத்தில் உடைந்ததால் நட்டம் தெரியவில்லை என்பதே பொதுவான விளக்கம். அதன் சிதைவை நம் 8ஆம் நிறமூர்த்தத்தில் இன்றும் காணலாம்.

இதைவிடப் பெரிய வழி, தன்னைத்தானே பிரதி எடுத்து வேறிடத்தில் புகும் துண்டுகள். இடம் மாறும் இத்தகைய துண்டுகளைச் சோளத்தில் கண்டறிந்த பார்பரா மக்கிளின்டொக்குக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஜீனோமில் ஏறக்குறையப் பாதி இவ்வகைத் துண்டுகளின் எச்சம். சுமார் 300 எழுத்து நீளமான 'அலு' என்ற துண்டு மட்டும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாக இருக்கிறது.

சரி, கூர்ப்பு இதையெல்லாம் ஏன் கூட்டித் தள்ளவில்லை? சில நூறு எழுத்துக்களைக் கூடுதலாகச் சுமப்பதால் வரும் செலவு மிகச் சிறியது. சனத்தொகை சிறிதாயிருக்கும் இனங்களில் அவ்வளவு சிறிய பாதகம் இயற்கைத் தேர்வின் கண்ணில் படுவதில்லை. வீட்டுப் பழைய அலுமாரியில் ஓடாத மணிக்கூடு கிடப்பதுபோல, 'கிடந்தாக் கிடக்கட்டும்' என்ற கதைதான்.

சில வேளை அந்த மணிக்கூட்டின் சில்லு வேறொன்றுக்கு உதவிவிடும். கருவிலிருக்கும் பிள்ளைக்கு உணவூட்டும் சூல்வித்தகம் உருவாகத் தேவையான சின்சைற்றின் என்ற புரதம், எப்போதோ ஜீனோமுக்குள் புகுந்த வைரசு ஒன்றின் பரம்பரையலகிலிருந்து வந்தது. புரதம் ஆக்காத பகுதிகளிலும் பரம்பரையலகுகளை இயக்கி நிறுத்தும் ஆளிகள் உள்ளன. ஆகவே புரதம் ஆக்காததெல்லாம் பயனற்றதல்ல.

'குப்பை டி.என்.ஏ.' என்ற சொல்லை 1972இல் சுசுமு ஓனோ பரவலாக்கினார். 2012இல் என்கோட் ஆய்வுத்திட்டம் ஜீனோமின் 80 சதவீதத்துக்குத் தொழில் உண்டு என்றபோது, 'குப்பை என்ற கதை முடிந்தது' எனச் செய்திகள் வந்தன. ஆனால் அந்த ஆய்வு அளந்தது இரசாயனச் செயற்பாட்டை. ஓரிடத்தில் ஏதோ நடக்கிறது என்பதும், அது நடக்காவிட்டால் உயிருக்குக் கேடு என்பதும் ஒன்றல்ல.

இது வெறும் சொற்சண்டையில்லை. பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் தாய் தகப்பனிடம் இல்லாத சுமார் 60, 70 புதிய விகாரங்கள் உண்டு. எழுத்துக்கு எழுத்து எல்லாமே அவசியமென்றால், தலைமுறைக்குத் தலைமுறை பழுது குவிந்து மனித இனம் தாங்காது. அவற்றுள் பெரும்பாலானவை எதையும் கெடுக்காத இடத்தில் விழுவதால் பிள்ளைகள் சுகமாகப் பிறக்கிறார்கள். ஒரு நோயாளியின் ஜீனோமை வாசிக்கும் வைத்தியருக்கு முன் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வேறுபாடுகள் வந்து நிற்கும். அவற்றில் நோய்க்குக் காரணமான ஒன்றைப் பிடிக்க வேண்டுமென்றால், எது வேலை செய்யும் இடம், எது சும்மா கிடக்கும் இடம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.