ரஸிகர்கள் போட்ட ஓட்டு

மண், பெண், பொன் ஆகிய மூன்றும்தான் உலகத்துச் சண்டைகளுக்கெல்லாம் மூலகாரணம் என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். சங்கீத ரஸிகர்களை அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை போலும். ஒரே பாடகரிடம் பித்துக்கொண்ட இரண்டு ரஸிகர்களை ஓர் அறையில் உட்கார வைத்து, "அவர் பாட்டுகளில் எது உயர்ந்தது?" என்று கேட்டுவிட்டு நாம் வெளியே வந்துவிட்டால் போதும், பொழுது விடிகிற வரையில் உள்ளே சத்தம் ஓயாது. இங்கிலாந்தில் ஒரு சங்கீத கோஷ்டியைப் பற்றி இந்தச் சத்தம் முப்பது வருஷங்களாக நடந்து வருகிறது. கோஷ்டியின் பெயர் ஒயாஸிஸ். பாலைவனச் சோலை என்று அதற்கு அர்த்தம். சோலையின் குளிர்ச்சிக்கும் இந்தக் கோஷ்டிக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

மாஞ்செஸ்டர் என்றால் நம் நாட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது துணிதான். நம் நெசவாளரின் வயிற்றில் அடித்த அந்த ஆலைகள் பிற்பாடு தாமும் மூடிப்போயின. ஆலைகள் போன ஊரில், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பத்தில், நோயல் காலகர் 1967-லும் அவருடைய தம்பி லியாம் 1972-லும் பிறந்தார்கள். 1991-ல் கோஷ்டி உருவாயிற்று. தம்பி பாடுவார், அண்ணன் பாட்டு எழுதி, மெட்டமைத்து, கிதார் வாசிப்பார், சில பாட்டுகளைத் தாமே பாடவும் செய்வார். 1993 மே மாதத்தில் கிளாஸ்கோ நகரத்துச் சிறிய விடுதி ஒன்றில் இவர்கள் பாடியதை ஆலன் மக்கீ என்ற இசைத்தட்டு முதலாளி கேட்டார். உடனே தம் கம்பெனியில் சேரும்படி அழைத்தார். அடுத்த வருஷம் முதல் ஆல்பம், 1995-ல் இரண்டாவது. 1996 ஆகஸ்டு 10, 11 தேதிகளில் நெப்வொர்த் என்ற இடத்தில் நடந்த இரண்டு கச்சேரிகளுக்குக் கூடியவர்கள் 2,50,000 பேர். டிக்கெட் கேட்டு விண்ணப்பித்தவர்களோ 25 லட்சத்துக்கு மேல்.

இத்தனை பேர் நேசித்த கோஷ்டியில் எது சிறந்த பாட்டு என்பதை யார் தீர்மானிப்பது? காசு தீர்மானிக்கும் என்று வியாபாரிகள் நினைக்கிறார்கள். 1995 ஆகஸ்டில் அதற்கு ஒரு பரீட்சையும் நடந்தது. லண்டன்காரர்களாகிய பிளர் கோஷ்டியாரும் ஒயாஸிஸாரும் ஒரே நாளில் ஆளுக்கொரு தட்டை வெளியிட்டார்கள். பத்திரிகைகள் அதை வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த யுத்தம் என்றே எழுதின. வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்ததில், பிளரின் 'கண்ட்ரி ஹவுஸ்' 2,74,000 தட்டுகளும், ஒயாஸிஸின் 'ரோல் வித் இட்' 2,16,000 தட்டுகளும் விற்றிருந்தன. பிளர் ஜயித்தது. ஆனால் இன்று காது கொடுத்துக் கேட்டால், இரண்டில் எதுவும் அந்தந்தக் கோஷ்டியின் முதல் பத்துப் பாட்டுகளில் சேர்வதற்கு யோக்கியதை உள்ளதாக நமக்குத் தோன்றவில்லை. கடைக்காரரின் தராசு அந்த வாரத்துச் சரக்கை நிறுக்கும். அதற்கு மேல் அதற்குச் சக்தியில்லை.

இனி, கையைத் தூக்கிப் போட்ட ஓட்டுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் டிரிபிள் ஜே என்ற ரேடியோ நிலையத்தார் வருஷந்தோறும் நேயர்களைக் கேட்டு நூறு பாட்டுகளை வரிசைப்படுத்துகிறார்கள். 1995-ம் வருஷத்து வரிசையில் முதலிடம் பெற்றது ஒயாஸிஸின் 'வொண்டர்வால்'. பதினெட்டு வருஷம் கழித்து, 2013-ல், சென்ற இருபது வருஷங்களின் சிறந்த பாட்டு எது என்று அதே நிலையத்தார் கேட்டார்கள். அப்போதும் 'வொண்டர்வால்' முதலிடம்! இத்தனைக்கும், தாய்நாட்டு விற்பனைப் பட்டியலில் அந்தப் பாட்டு ஒரு நாளும் முதலிடத்தைக் கண்டதில்லை. டெலிவிஷன் நடிகர்கள் இருவர் திருப்பிப் பாடிய ஒரு பழைய பாட்டு வழியை மறித்துக்கொண்டு நின்றதால், அது இரண்டாவது இடத்தோடு திரும்பிவிட்டது.

இதற்கு ஏன் இவ்வளவு ஓட்டு? கிதார் கற்றுக்கொள்ளும் பையன்களைக் கேட்டால் ஒரு காரணம் சொல்வார்கள். இந்தப் பாட்டின் பெரும் பகுதியில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்திகளின் மேல் வைத்த இடத்தை விட்டு அசைவதே இல்லை; மற்ற இரண்டு விரல்கள் மட்டும் இடம் மாறுகின்றன. ஆகவே கற்றுக்குட்டியும் சில நாட்களில் வாசித்துவிடலாம். அந்த அசையாத இரண்டு ஸ்வரங்கள் பாட்டு நெடுகிலும் சுருதியைப் போல் ஒலித்துக்கொண்டிருப்பதில்தான் அதன் ஏக்கமும் இருக்கிறது. எளிமையும் அழகும் ஒரே இடத்திலிருந்து பிறந்திருக்கின்றன. அதன் பலனாக, கிதார் வைத்திருக்கிற வீட்டுக்கெல்லாம் பாட்டு சொந்தமாகிவிட்டது. பாடிய லியாமுக்கோ அதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறதாம். அவரே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார்.

போகிற போக்கில் நமக்கு உவப்பான ஒரு செய்தி. வொண்டர்வால் என்ற பெயரை நோயல் எடுத்தது ஜார்ஜ் ஹாரிஸன் 1968-ல் வெளியிட்ட ஓர் இசைத்தொகுப்பிலிருந்து. ஒரு சினிமாப் படத்துக்காகச் செய்த அந்தச் சங்கீதத்தின் ஒரு பகுதியை ஹாரிஸன் பம்பாய்க்கு வந்து, எச்.எம்.வி. ஒலிப்பதிவுக் கூடத்தில், நம் தேசத்து வித்வான்களை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனார். மாஞ்செஸ்டர் நமக்குத் துணி விற்ற கதை போய், நம் ஷெனாயும் சந்தூரும் கலந்த ஒரு தட்டின் பெயர் மாஞ்செஸ்டருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஊரார் ஓட்டு அப்படியிருக்க, உண்மையான ரஸிகர்களின் ஓட்டு வேறு தினுசு. பழுத்த ஒயாஸிஸ் ரஸிகர் ஒருவரிடம் போய், "உமக்குப் பிடித்தது வொண்டர்வால்தானே?" என்று கேட்டால், அவர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு நாம் கேள்விப்படாத ஒரு பெயரைச் சொல்வார். அது அநேகமாகத் தட்டின் பின்பக்கத்துப் பாட்டாக இருக்கும்.

பின்பக்கம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். தனிப்பாட்டாக ஒரு தட்டு வெளியிடும்போது முன்பக்கத்தில் பிரதானமான பாட்டும், பின்பக்கத்தில் ஏதாவது ஒரு துக்கடாவும் வைப்பது பழைய வழக்கம். பின்னால் வந்த சி.டி. தட்டுக்கு இரண்டு பக்கம் இல்லாவிட்டாலும் வழக்கம் மட்டும் போகவில்லை. பிரதானப் பாட்டுக்குத் துணையாக இரண்டு மூன்று பாட்டுகள் வைக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் கழித்துப் போட்டதை வைத்தார்கள். நோயலோ 1994, 1995 வருஷங்களில் கை நிறையப் பாட்டு வைத்திருந்தார். நல்ல பாட்டுகளையே எடுத்து வைத்துவிட்டார். 1995 ஏப்ரலில் வெளிவந்த 'ஸம் மைட் ஸே' அவர்களுக்கு முதன் முதலில் விற்பனையில் முதலிடம் வாங்கிக் கொடுத்தது. அதன் பின்னால் ஒளிந்திருந்தது 'அக்வியெஸ்'. சரணத்தைத் தம்பியும் பல்லவியை அண்ணனும் பாடும் பாட்டு அது. 'வொண்டர்வால்' தட்டின் பின்னால் 'தி மாஸ்டர்பிளான்'. 1994 டிஸம்பரில் வந்த 'வாட்டெவர்' தட்டின் பின்னால் 'ஹாஃப் தி வேர்ல்ட் அவே'. அரும்பாடுபட்டுத் தேடி எடுத்த பொருளின் மேல் மனிதனுக்கு ஆசை அதிகம். பின்பக்கத்துப் பாட்டுகளை ரஸிகர்கள் தங்கள் சொந்தச் சொத்தாகவே பாவித்தார்கள். கடைசியில் 1998 நவம்பரில் அவற்றில் 14 பாட்டுகளைத் திரட்டித் தனி ஆல்பமாகவே போட வேண்டி வந்தது. துக்கடா மட்டுமே பாடி ஒரு கச்சேரி நடத்தியது போலத்தான்! விற்பனையில் அது இரண்டாவது இடம் பெற்றது.

எழுதியவரே ஓட்டுப் போட்டால் எப்படி இருக்கும்? 2006-ல் அதுவும் நடந்தது. தமக்குப் பிடித்த 18 பாட்டுகளை நோயல் தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் பின்பக்கத்துப் பாட்டுகள் நான்கு இருந்தன. தனித்தட்டாகவே வராத 'ஸ்லைட் அவே'யும் இருந்தது. அந்த மட்டும் ரஸிகர்களோடு அவர் ஒத்துப்போனார். ஆனால் 1997-ல் வந்த 'பி ஹியர் நவ்' என்ற மூன்றாவது ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைக்கூட எடுக்கவில்லை.

அந்த ஆல்பத்தின் கதை பரிதாபமானது. வெளியான முதல் நாளே 4 லட்சத்துக்கு மேல் விற்றது. பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. சில மாதங்களில் அதே பத்திரிகைகள் திட்டத் தொடங்கின. பாட்டுகள் அளவுக்கு மீறி நீண்டுவிட்டன என்பது உண்மையே. ஒரு பாட்டு ஒன்பது நிமிஷத்துக்கு மேல் போகிறது. கிதார் மேல் கிதாராக அடுக்கி, பாடுகிறவரின் குரலையே மூடிவிட்டார்கள். எல்லாரையும்விடக் கடுமையாக அதைக் கண்டித்தவர் எழுதிய நோயல்தான். ஆனால் 1997-ல் பதினைந்து வயதாயிருந்த ஒரு பையனுக்கு இந்தக் குறைகளெல்லாம் எதற்கு? சேர்த்துவைத்த காசைக் கொடுத்து அவன் வாங்கிய முதல் ஆல்பம் அதுவாக இருக்கலாம். 'ஸ்டாண்ட் பை மீ'தான் உலகத்திலேயே சிறந்த பாட்டு என்று அவன் சாதிப்பான். வீட்டுப் பிள்ளையைப் பெற்றவரே குறை சொன்னாலும் பாட்டி விட்டுக்கொடுப்பாளா? பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக மார்க்குப் போட்டுப் பழகிய நமக்கு இந்தப் பையனுடைய கட்சியில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. எழுதியவர் விடைத்தாளைத் திருத்தலாம். அது யாருடைய நெஞ்சில் எப்படிப் பதிந்தது என்பதற்கு அவர் மார்க்குப் போட முடியாது.

ஓட்டுச் சீட்டே இல்லாமல் ஒரு தேர்தலும் நடந்தது. 2017 மே 22-ம் தேதி இரவு மாஞ்செஸ்டர் அரங்கு ஒன்றில் சங்கீதம் கேட்டுவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த ஜனங்களிடையே வெடிகுண்டு வெடித்து 22 பேர் மாண்டார்கள். பலர் சிறுவர் சிறுமிகள். மூன்று நாள் கழித்து ஸெயிண்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் ஊரார் கூடி ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். மௌனம் முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாரும் அப்படியே நின்றுகொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்த ஒரு பெண்மணி மெல்லிய குரலில் 'டோண்ட் லுக் பாக் இன் ஆங்கர்' என்ற பாட்டைப் பாடத் தொடங்கினாள். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள், சதுக்கம் முழுவதும் பாடிற்று. 1996-ல் தட்டாக வந்தபோது, கோபத்தோடு திரும்பிப் பார்க்காதே என்ற அந்தப் பெயருக்கு இவ்வளவு கனம் இல்லை. நோயல் பாடிய ஒரு நல்ல பாட்டு, அவ்வளவே. அந்த ஊர் தன் துக்கத்துக்கு வேறு எத்தனையோ பாட்டுகள் இருக்க அதைத் தேர்ந்தெடுத்த பிறகு அது வேறு பாட்டாகிவிட்டது. அதே வருஷம் ஸெப்டம்பரில் அந்த அரங்கு மறுபடி திறக்கப்பட்டபோது நோயல் வந்து அதைப் பாடினார். ஜனங்கள் கூடவே பாடினார்கள்.

சகோதரர்கள் இதற்கு முன்பே பிரிந்துபோயிருந்தார்கள். 2009 ஆகஸ்டு 28-ல் பாரிஸ் நகரத்தில், மேடையேற வேண்டிய நேரத்தில் சண்டை போட்டுக்கொண்டு கோஷ்டியைக் கலைத்தவர்கள், பதினைந்து வருஷங்கள் முகங்கொடுத்துப் பேசவில்லை. 2024 ஆகஸ்டில் மறுபடி சேர்ந்து பாடப்போவதாக அறிவித்தார்கள். டிக்கெட் விற்ற விதம் மகா மோசம். மணிக்கணக்காகக் காத்திருந்தவர்களிடம், நின்று பார்க்கும் டிக்கெட்டின் விலை சுமார் 150 பவுனிலிருந்து 350 பவுனுக்கு மேல் ஏறிவிட்டது என்று சொன்னார்கள். சர்க்கார் விசாரணை வரையில் விவகாரம் போயிற்று. அப்படியும் ஜனங்கள் வாங்கினார்கள்.

2025 ஜூலை 4-ல் கார்டிஃப் நகரத்தில் அண்ணனும் தம்பியும் கைகோத்துக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். அன்று பாடியவை 23 பாட்டுகள். அந்தப் பட்டியலை நாம் ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பார்த்தோம். முதல் இரண்டு ஆல்பங்களிலிருந்து 14 பாட்டுகள். 2000 முதல் வந்த நான்கு ஆல்பங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பாட்டு! நோயல் ஒதுக்கிவைத்த 'பி ஹியர் நவ்' ஆல்பத்திலிருந்து இரண்டு. 'ஸ்டாண்ட் பை மீ' அவற்றில் ஒன்று. பதினைந்து வயதுப் பையன் நாற்பதைத் தாண்டிய பிறகு ஜயித்துவிட்டான். பின்பக்கத்துப் பாட்டுகள் ஐந்து. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டு பாடும் 'அக்வியெஸ்' இரண்டாவதாகவே வந்தது. ஒருவருக்கொருவர் வேண்டும் என்ற கருத்துள்ள அதன் பல்லவியை, சகோதரர்களைப் பற்றித் தாம் எழுதவில்லை என்று நோயல் முன்பு சொன்னதுண்டு. அன்றைக்குக் கார்டிஃபில் அந்த விளக்கத்தைக் கேட்க யாரும் தயாராயில்லை.

நம் ஓட்டு யாருக்கு என்று நேயர்கள் கேட்கலாம். 'லிவ் ஃபாரெவர்' என்று சொல்லத்தான் முதலில் நாக்கு எழுகிறது. எரிவாயுக் குழாய் போடும் கம்பெனியில் கூலி வேலை செய்கையில், கனத்த இரும்பு மூடி காலில் விழுந்து, கிடங்கில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றப்பட்ட ஒரு வாலிபன் அங்கே பொழுது போகாமல் பாட்டு எழுதத் தொடங்கினான்; அந்தக் காலத்தில் பிறந்த பாட்டு அது. இருந்தாலும் நாம் 'ஹாஃப் தி வேர்ல்ட் அவே'க்கே போடுகிறோம். மெட்டின் ஒரு பகுதி பர்ட் பாகராக் என்ற அமெரிக்கருடைய பாட்டிலிருந்து எடுத்தது என்று நோயலே ஒப்புக்கொண்டுவிட்டார். நமக்கு ஆக்ஷேபம் இல்லை. ஆரவாரமான கிதார்களை ஒதுக்கிவிட்டு, ஊரை விட்டு எங்கேயாவது போய்விட வேண்டும் என்று தவிக்கும் ஒருவனைப் பற்றி அடங்கிய குரலில் அண்ணன் பாடுகிறார். 1998-ல் பி.பி.ஸி. டெலிவிஷனில் தொடங்கிய 'தி ராயில் ஃபாமிலி' என்ற ஹாஸ்யத் தொடரில் இதையே முகப்புப் பாட்டாக வைத்தார்கள். கதை நடப்பது பெரும்பாலும் மாஞ்செஸ்டர் தொழிலாளி ஒருவர் வீட்டுக் கூடத்தில். அந்தக் குடும்பத்தார் நாற்காலிகளில் சாய்ந்துகொண்டு டெலிவிஷன் பார்ப்பதைத் தவிர எங்கும் போவதில்லை.