கடலடி நுண்ணோடுகள்

மன்னர்தம் வரலாற்றை அறிய விரும்புவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஆராய்கின்றனர். எழுத்துத் தோன்றுவதற்கு முற்பட்ட வாழ்வை மண்ணுள் புதைந்த பானை ஓடுகள் உணர்த்துகின்றன. ஆனால், மனித இனமே தோன்றாத காலத்தில் கடல்நீர் எத்துணை வெப்பமுடையதாய் இருந்தது என்பதை எவ்வாறு அறிவது? அன்று வெப்பமானியும் இல்லை. அளந்து குறித்து வைக்க ஆளும் இல்லை. எனினும், அக்குறிப்புகள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. மணலளவே உள்ள சிற்றுயிர்களின் ஓடுகளில் அவை பொதிந்து கிடக்கின்றன.

அச்சிற்றுயிர்களுக்குப் போராமினிபெரா என்று பெயர். துளைகளைத் தாங்கியவை என்பது அப்பெயரின் பொருள். ஓர் உயிரணுவே அவற்றின் முழு உடல். ஓட்டிலுள்ள திறப்புகளின் வழியே நூலிழை போன்ற உறுப்புகளை வெளியே நீட்டி அவை இரையைப் பற்றுகின்றன. அவற்றுள் சில வகைகள் கடலின் மேற்பகுதியில் மிதந்து வாழ்வன. பல வகைகள் கடலடிச் சேற்றிலேயே பிறந்து மடிவன. பெரும்பாலானவற்றின் ஓடு ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இராது. பண்டைக் காலத்தில் காசளவு வளர்ந்த வகைகளும் இருந்தன. எகிப்து நாட்டுப் பிரமிடுகளின் சுண்ணாம்புக் கற்களில் அவற்றின் ஓடுகளை இன்றும் காணலாம். அவை, பிரமிடு கட்டிய தொழிலாளர் உண்டு எஞ்சிய பருப்பு கல்லாய் இறுகியவை என்று மக்கள் கூறியதை ஸ்ட்ராபோ என்னும் பண்டைய கிரேக்க அறிஞர் குறித்துள்ளார்.

1872ஆம் ஆண்டு முதல் 1876ஆம் ஆண்டு வரை உலகக் கடல்களைச் சுற்றி வந்த சாலஞ்சர் என்னும் ஆங்கிலேயக் கப்பல், ஆழ்கடலின் அடியிலிருந்து சேற்றை அள்ளிக் கொணர்ந்தது. பரந்த கடற்பகுதிகளின் அடித்தளம் இவ்வோடுகளாலேயே மூடப்பட்டிருந்தமை அதனால் தெளிவாயிற்று. ஆழ்கடலில் இச்சேறு ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் கனமே படிகிறது. மேலே இருப்பது புதியது. கீழே செல்லச் செல்லப் பழையது. நீண்ட குழாயைக் கடலடியில் செலுத்தி எடுக்கும் ஒரு மண்தண்டில் பல்லாயிரம் ஆண்டுகளின் வரலாறு அடுக்கடுக்காய் அமைந்திருக்கும்.

இனி, ஓடு வரலாற்றைக் கூறும் முறையைக் காண்போம். இவ்வுயிர்களுள் பெரும்பாலானவை கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தைக் கொண்டு சுண்ணாம்பு ஓட்டைக் கட்டுகின்றன. கட்டும்போது கால்சியம் இருக்க வேண்டிய இடங்கள் சிலவற்றில் மக்னீசியம், காட்மியம் முதலிய வேறு தனிமங்களும் புகுந்துவிடுகின்றன. செங்கற் சுவரில் இடையிடையே வேறு நிறக் கல் ஒன்று அமைவதைப் போன்றது இது. எந்தக் கல் எத்தனை புகுந்தது என்பது, ஓடு உருவான நீரின் தன்மையைப் பொறுத்தது.

நீர் வெப்பமாக இருப்பின் மக்னீசியம் மிகுதியாகப் புகும், குளிர்ந்திருப்பின் குறையும். மிதந்து வாழும் வகைகள் பலவற்றில் ஆயிரம் கால்சிய அணுக்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரையிலான மக்னீசிய அணுக்கள் இருக்கும். வெப்பம் ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் மக்னீசிய அளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு உயரும். எனவே, ஓடே வெப்பமானியாகிறது.

இதற்கு முன்னரே ஓட்டிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு வெப்பத்தை அளக்கும் முறை இருந்தது. ஆக்சிஜன் அணுக்களுள் எடை மிகுந்தவையும் குறைந்தவையும் உண்டு. குளிர்ந்த நீரில் உருவாகும் ஓட்டில் எடை மிகுந்தவை கூடுதலாகச் சேரும். இதனைக் கொண்டு 1955இல் சீசர் எமிலியானி என்பவர் பண்டைக் கடல்களின் வெப்பத்தைக் கணித்தார். ஆயினும், இதில் ஓர் இடர் இருந்தது. நிலத்தில் பெரும் பனிப்பாளங்கள் வளரும்போது எடை குறைந்த ஆக்சிஜன் அப்பனியில் சிறைப்படுவதால், கடல்நீரில் எடை மிகுந்தது மிஞ்சும். எமிலியானி கண்ட மாறுதலில் பெரும்பகுதி பனியின் பெருக்கத்தால் விளைந்ததே என்று 1967இல் நிக்கோலஸ் ஷாக்கில்டன் எடுத்துக்காட்டினார். குளிரின் பங்கு எது, பனியின் பங்கு எது என்று பிரித்தறிய மற்றொரு சான்று வேண்டியதாயிற்று. அச்சான்றை மக்னீசியம் அளித்தது. 2000ஆம் ஆண்டில் கரோலின் லியர், ஹென்றி எல்டர்பீல்டு, பால் வில்சன் ஆகியோர் கடலடி ஓடுகளின் மக்னீசியத்தை ஆராய்ந்து, கடந்த 5 கோடி ஆண்டுகளில் ஆழ்கடல் ஏறத்தாழ 12 டிகிரி குளிர்ந்துள்ளது என்று வெளியிட்டனர்.

காட்மியம் கூறும் செய்தி வேறு. கடல்நீரில் பாஸ்பேட் என்னும் ஊட்டப்பொருள் மிகுந்த இடத்தில் காட்மியமும் மிகுந்திருக்கும். ஓட்டில் அது ஒரு கோடி கால்சிய அணுக்களுக்கு ஓரிரண்டு அணு என்னும் அளவிலேயே உண்டு. அந்தச் சிற்றளவைக் கொண்டே எட்வர்ட் பாயில், லாயிட் கீக்வின் ஆகியோர் 1982இல் வட அட்லாண்டிக் கடலின் பழைய நீரோட்டத்தை ஆராய்ந்தனர். இன்று அக்கடலின் வடபகுதியில் மேல்நீர் குளிர்ந்து ஆழத்தில் இறங்குகிறது. அந்நீரில் ஊட்டப்பொருள் குறைவு. பனியூழியிலோ ஆழத்து ஓடுகளில் காட்மியம் மிகுந்திருந்தது. ஆகவே, அன்று ஆழ்கடல் ஓட்டம் இன்றுள்ளவாறு இல்லை என்பது புலனாயிற்று.

இத்துணை நுண்ணிய அளவுகளை அளப்பது எளிதன்று. ஆய்வாளர் நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகையால் ஒரே வகை ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகின்றனர். பின்னர் அவற்றை உடைத்துப் பன்முறை கழுவுகின்றனர். ஓட்டினுள் ஒட்டியுள்ள களிமண்ணில் மக்னீசியம் மிகுதி. அது சிறிது எஞ்சினும், குளிர்ந்த கடல் வெப்பக் கடலாகத் தோன்றிவிடும்.

தூய்மை செய்த ஓடும் சில வேளைகளில் மயக்கம் தரும். ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவில் பெரும் பனிப்பாளம் தோன்றியது. ஆனால், அக்காலத்து ஆழ்கடல் ஓடுகளின் மக்னீசியம் கடல் குளிர்ந்ததாகக் காட்டவில்லை. பனி பெருகியும் கடல் குளிராதிருக்குமா? அறிஞர் இவ்வையத்தை விடாது ஆராய்ந்தனர். அதே காலத்தில் ஆழ்கடல் நீரில் கார்பனேட்டு மிகுந்திருந்தது. அத்தகைய நீரில் உருவாகும் ஓட்டில் மக்னீசியம் கூடுதலாகப் புகும். அதனால் குளிர்ச்சி மறைந்திருக்கிறது என்னும் விளக்கத்திற்கு வந்தனர். ஒரே சான்றை நம்பி முடிவு செய்யாமல், பல சான்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுதலின் இன்றியமையாமையை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

மனிதர் கடலைக் கருவிகொண்டு முறையாக அளக்கத் தொடங்கி ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளே ஆகின்றன. இன்று நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் காற்றில் கரியமில வாயு பெருகிக் கடல் வெப்பமடைந்து வருகிறது. இதன் விளைவு யாதாகும் என்று கணிப்போர், முன்னொரு காலத்தில் கடல் எவ்வாறு மாறியது என்பதை அறிந்தே ஆக வேண்டும். அவ்வறிவை நல்கும் சான்றுகளுள், கண்ணுக்குப் புள்ளியாய்த் தோன்றும் இவ்வோடுகள் சிறப்பிடம் பெறுகின்றன.