இரட்டைப் பிரசவத்திற்கு நாள் குறிப்பது எப்படி?

மே மாதம் முதல் தேதியன்று, உடையார்பாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் கிராம சபைக் கூட்டம் நடைபெற்றது. குடிநீர்த் தொட்டி, தெரு விளக்கு ஆகியவை பற்றிய விவாதம் முடிந்து நாங்கள் எழுந்திருக்கும் தறுவாயில், பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் கேள்வி ஒன்று கேட்டார். அவருடைய மருமகள் இரட்டைப் பிள்ளைகளைச் சுமந்திருந்தாள். மருத்துவ மனையில் பிரசவத்திற்குச் சித்திரை 23-ஆம் நாளைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். "ஐயா, பத்து மாதம் நிறைய இன்னும் நாள் கிடக்கிறது. சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்திற்கு ஆகாது என்று வீட்டில் சொல்லுகிறார்கள். ஒரு பத்து நாள் பொறுத்தால் வைகாசி பிறந்துவிடும். பொறுத்தால் என்ன?" என்பது அவர் கேள்வி.

சாலையைப் பற்றியோ, கிணற்றைப் பற்றியோ கேட்டிருந்தால் உடனே விடை கூறியிருப்பேன். இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று கூறிவிட்டு, மறுநாள் அம்முதியவரையும் அவருடைய மகனையும் அழைத்துக்கொண்டு வட்டார மருத்துவ அலுவலரைச் சென்று கண்டேன். அங்கே ஒரு மணி நேரம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும், பின்னர் படித்தறிந்தவற்றையும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் குடியானவர்களும் அறிந்திருப்பது அவசியம் எனக் கருதியே இதனை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 'பத்து மாதம்' என்று நம் பெரியோர் கூறியது 28 நாள் கொண்ட மாதக் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் 280 நாள். அதாவது 40 வாரம். டாக்டர்கள் கூறும் கணக்கும் இதுவே. ஆகவே பெரியோர் கணக்கிற்கும் மருத்துவக் கணக்கிற்கும் பகையில்லை. ஆனால் இந்த 280 நாள் ஒற்றைப் பிள்ளைக்குரியது. இரட்டைப் பிள்ளைகளுக்கு அவ்வளவு நாள் காத்திருத்தல் ஆகாது. எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பஞ்சாங்கமும் அன்று, வயிற்றின் பருமனும் அன்று. கருப்பையினுள் நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்பதே.

இதைக் கேட்டதும் முதியவர் வியப்படைந்தார். எனக்கும் அது புதிய செய்தியே. கால்நடை வளர்ப்போருக்கு இதனை எளிதில் விளக்கலாம். பசு ஒன்று காளைக் கன்றையும் கிடாரிக் கன்றையும் இரட்டையாக ஈன்றால், அந்தக் கிடாரி பெரும்பாலும் சினைப்படுவதில்லை என்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். இரு கன்றுகளின் நஞ்சுக்கொடிகளும் ஒன்றோடொன்று இணைந்து, இரத்தக் குழாய்கள் கலந்து, ஒன்றன் இரத்தம் மற்றொன்றில் பாய்வதே இதற்குக் காரணம் என்பதை 1917-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானியான ஃபிராங்க் லில்லி விளக்கினார். மனிதக் குழந்தைகளில் பெண் மலடாகும் இந்தக் கோளாறு நேர்வதில்லை. வீண் அச்சம் வேண்டாம். ஆனால் ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டையரிடையே இரத்தக் குழாய்கள் இணைந்திருப்பது உண்மை. ஒரே வாய்க்காலில் இரண்டு வயல்கள் நீர் பெறுவது போன்றதே அது. மடை ஒருபுறம் சாய்ந்தால் ஒரு வயல் காய்கிறது, மற்றொரு வயல் மூழ்குகிறது. இத்தகைய கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இந்த இரத்தச் சாய்வு நேருகிறது. அவ்வாறு ஒரு சிசு உள்ளேயே இறந்துவிடுமானால், அதனோடு இணைந்த மற்றதன் உயிருக்கும் மூளைக்கும் ஆபத்து உண்டாகிறது.

தனித்தனி நஞ்சுக்கொடி உள்ள இரட்டையருக்கு இந்த இணைப்பில்லை. தனித்தனிக் கிணறு உள்ள வயல்கள் எனலாம். அவர்கள் சற்று அதிக நாள் இருக்கலாம்.

இப்போது நாட்களைக் கூறுகிறேன். வேறு சிக்கல் ஏதும் இல்லாதபோது, தனித்தனி நஞ்சுக்கொடி உள்ளவர்களுக்கு 37 வாரம் நிறைந்தவுடன் பிரசவத்திற்கு ஏற்பாடு செய்வது நல்லது என இங்கிலாந்து நாட்டு மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. அமெரிக்க நாட்டு மருத்துவர் சங்கம் 38-ஆவது வாரம் நிறையும் வரை இடம் தருகிறது. ஒரே நஞ்சுக்கொடி, ஆனால் தனித்தனிப் பனிக்குடம் என்றால் 36 வாரம். 28 நாள் மாதக் கணக்கில் சரியாக ஒன்பது மாதம் முடிந்த நாள் அது. ஒரே நஞ்சுக்கொடியும் ஒரே பனிக்குடமுமாக இருப்பது மிக அரிது. அங்கே தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளக்கூடும். ஆகையால் 32-க்கும் 34-க்கும் இடைப்பட்ட வாரத்திலேயே அறுவையின் மூலம் எடுத்துவிடுகிறார்கள்.

இந்த எண்கள் ஒருவர் தம் எண்ணப்படி எழுதிவைத்தவை அல்ல. இலண்டன் குயின் மேரி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஷகிலா தங்கரத்தினம் முதலானோர் 2016-ஆம் ஆண்டில், 32 ஆராய்ச்சிகளில் அடங்கிய 35,171 இரட்டைக் கர்ப்பங்களின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு வாரத்திலும் வயிற்றினுள் இருந்தால் எத்தனை சிசுக்கள் இறக்கின்றன, வெளியே எடுத்தால் எத்தனை இறக்கின்றன என்று தராசின் இரு தட்டுகளில் வைத்துப் பார்த்தார்கள். தனித்தனி நஞ்சுக்கொடி உள்ளவர்களில் 37 வாரம் வரை தட்டுகள் சமமாக நின்றன. அதற்கு மேல் ஒரு வாரம் தாமதித்தால், ஆயிரம் கர்ப்பங்களுக்கு ஏறக்குறைய 9 மரணங்கள் கூடுதலாக நேர்ந்தன. ஒரே நஞ்சுக்கொடி உள்ளவர்களை, வேறு காரணமின்றி 36 வாரத்திற்கு முன் பிரசவிக்கச் செய்வதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

இரு தட்டுகளிலும் உள்ளவை என்ன? சீக்கிரம் எடுத்தால் நுரையீரல் முதிராது, மூச்சுத் திணறும். பால் உறிஞ்சும் வலு இராது. உடல் சூடு நிற்காது. தாமதித்தால் நஞ்சுக்கொடி இரண்டு உயிர்களுக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் தளர்கிறது; தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது; ஒரு நாள் எவ்வித அறிகுறியுமின்றிச் சிசுவின் துடிப்பு நின்றுபோகிறது. பாலேறும் பருவத்தில் நெல்லை அறுப்பவனும் இல்லை; மணி உதிரும் வரை அறுக்காமல் விடுபவனும் இல்லை. அந்தக் கவனத்தைத்தான் இங்கேயும் வேண்டுகிறோம்.

தாமதிப்பவர்களைப் பற்றியே கூறினேன். அவசரப்படுபவர்களும் உண்டு. நல்ல நட்சத்திரம் என்று சோதிடரிடம் நேரம் குறித்து வாங்கி வந்து, 35-ஆவது வாரத்திலேயே அறுவை செய்யும்படி டாக்டரை வற்புறுத்துகிற படித்த குடும்பங்களையும் நான் அறிவேன். மருத்துவக் காரணம் இன்றி அவ்வாறு செய்வது சிசுவின் மூச்சோடு விளையாடுவதாகும்.

நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதைக் கண்டறிய ஸ்கேன் பரிசோதனை ஒன்றே வழி. அதற்கேற்ற காலம் 11 முதல் 14 வாரம் வரை. பிற்பாடு இரண்டு கொடிகளும் நெருங்கி வளர்ந்து ஒன்றுபோல் தோன்றும். அப்போது பிரித்தறிதல் கடினம். ஆகவே இரட்டைப் பிரசவத்திற்கு நாள் குறிக்கும் வேலை ஒன்பதாம் மாதத்தில் தொடங்குவதன்று. மூன்றாம் மாதத்திலேயே தொடங்குகிறது. அந்தப் பரிசோதனையைத் தவறவிட்டவர்களுக்கு டாக்டர்கள் ஐயத்தோடுதான் நாள் குறிக்க வேண்டியிருக்கும். ஸ்கேன் செய்யுமிடத்தில் 'நஞ்சுக்கொடி எத்தனை?' என்று கேட்பது உங்கள் உரிமை. ஆணா, பெண்ணா என்று கேட்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேட்க வேண்டியதை விட்டுக் கேட்கக் கூடாததைக் கேட்பவர்களே அதிகம் என்று மருத்துவ அலுவலர் வருத்தத்துடன் கூறினார்.

முற்காலத்தில் இவ்வசதி இல்லை. கர்ப்பிணிகளை ஒலியலையால் பரிசோதிக்கும் முறையை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் அயன் டொனால்டு குழுவினர் 1958-இல்தான் உலகிற்கு அறிவித்தனர். அதற்கு முன் கையால் தடவிப் பார்த்தும், காதை வைத்து இரண்டு இதயத் துடிப்புகளைக் கேட்டும் அறிந்தனர். முதற் பிள்ளை பிறந்த பிறகே இரண்டாவது இருப்பது தெரியவந்த வீடுகள் எத்தனையோ! நம் நாட்டின் புகழ்பெற்ற பிரசவ மருத்துவரான டாக்டர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியாரே இரட்டையரில் ஒருவர். அவரும் சர். ஆற்காடு இராமசாமி முதலியாரும் 1887-ஆம் ஆண்டு கர்நூலில் பிறந்த இரட்டைச் சகோதரர்கள். இலட்சுமணசாமி முதலியார் எழுதிய பிரசவ மருத்துவ நூலைப் பல தலைமுறை மாணவர்கள் படித்துத் தேர்ந்துள்ளனர். 1959 முதல் 1961 வரை அவர் தலைமையில் அமைந்த குழு, ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் 40,000 மக்களுக்கு மேற்படாமல் பணிபுரிய வேண்டும் என்று சிபாரிசு செய்தது. நம் வட்டாரத்துச் சுகாதார நிலையத்தின் வரலாற்றில் ஓர் இரட்டைப் பிள்ளையின் கைவண்ணமும் உண்டு என்பதை இடையே கூறிவைக்கிறேன்.

எனினும், ஆரம்ப சுகாதார நிலையம் இரட்டைப் பிரசவத்திற்கு உரிய இடம் அன்று. பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் அங்கே செல்லலாம், பிரசவத்திற்கு வேண்டாம். முதற் பிள்ளை தலை கீழாக இருந்தால் இயல்பான பிரசவமே நடக்கலாம். 25 நாடுகளில் ஏறத்தாழ 2,800 தாய்மாரைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியான ஆராய்ச்சியில், அத்தகையோருக்கு முன்கூட்டித் திட்டமிட்ட சிசேரியனால் சிசுக்களுக்குக் கூடுதல் நன்மை காணப்படவில்லை. ஆனால் முதற் பிள்ளை வெளிவந்தபின் இரண்டாவது குறுக்கே திரும்பிவிடலாம். சில நிமிடங்களில் அறுவை தேவைப்படலாம். அளவுக்கு மீறி விரிந்த கருப்பை உடனே சுருங்காமல் இரத்தப் போக்கு மிகலாம். ஆகையால் அறுவை டாக்டர், மயக்க மருந்து டாக்டர், இரத்த வங்கி, பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவை இரவும் பகலும் உள்ள இடமே வேண்டும். நம் பகுதியினருக்கு அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவ மனை உண்டு. கல்லூரி 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. மேற்கொண்டு அனுப்ப நேர்ந்தால் தஞ்சையும் திருச்சியும் உள்ளன.

நாள் குறித்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. இரட்டைக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு 37 வாரம் முடியும் முன்னரே தானாக வலி கண்டுவிடுகிறது. ஆகையால் ஏழாம் மாதம் முடியும்போதே ஏற்பாடுகள் தயாராக இருத்தல் வேண்டும். பங்குனி, சித்திரை என்றால் நம் பக்கத்தில் ஆண்களும் பெண்களும் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கச் சென்றுவிடுவார்கள். கர்ப்பிணி வீட்டில் தனியே இருப்பாள். அவளுடன் இருக்கப்போவது யார், மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார், மாட்டைக் கட்டுவது யார், இரத்தம் கொடுக்க முன்வரும் இருவர் யார் என்பதை முன்னரே பேசி முடிவு செய்தல் நன்று. 108 ஆம்புலன்ஸ் 2008-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் இயங்குகிறது. ஆனால் அது வீட்டு வாசலுக்கு வந்து சேருமாறு தெருவை வைத்திருக்க வேண்டியது பஞ்சாயத்து. களம் போட்டும் கட்டுமானப் பொருள் குவித்தும் அடைக்கப்பட்ட தெருக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பனிநீர் உடைதல், இரத்தம் காணுதல், கடும் தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், பிள்ளை அசைவு குறைதல், ஓரிரு நாளில் வயிறு திடீரெனப் பெருத்து விறைத்தல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் குறித்த நாளுக்காகக் காத்திராமல் அப்போதே புறப்பட வேண்டும். 34 வாரத்திற்கு முன் வலி கண்டால், சிசுவின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். நியூசிலாந்து டாக்டர்களான லிக்கின்ஸ், ஹௌவி என்போர் 1972-இல் இதன் பயனை நிரூபித்தனர். பெரிய மருத்துவ மனைக்கு அனுப்புமுன் முதல் ஊசியைக் கிராம சுகாதாரச் செவிலியரே போடலாம் என்று 2014-ஆம் ஆண்டில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. வலி கண்டவுடன் அவருக்குச் சொல்லி அனுப்புவதன் அவசியம் இதனால் விளங்கும்.

இனி அம்முதியவர் விஷயத்திற்கு வருகிறேன். மருமகளின் ஸ்கேன் தாளில் ஒரே நஞ்சுக்கொடி என்று எழுதியிருந்தது. சித்திரை 23 அவளுக்கு 36 வாரம் நிறையும் நாள். மருத்துவ அலுவலர் தாளின் பின்புறத்தில் ஒரு வட்டம் வரைந்து, இரண்டு தொப்புள்கொடிகளை அதில் சேர்த்து, நடுவே குழாய்களையும் வரைந்து காட்டினார். முதியவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை முன்னமே யாரும் சொல்லவில்லையே" என்றார். திரும்பும் வழியில் அவர் மகன், தன் தாயாரிடம் யார் பேசுவது என்ற கவலையிலேயே வந்தான். அந்தப் பொறுப்பை முதியவரே ஏற்றுக்கொண்டார்.

குறித்த நாளில் பிரசவம் ஆயிற்று. இரண்டும் பெண். மூத்தது 2 கிலோ 100 கிராம். இளையது 1 கிலோ 700 கிராம். இளையது பன்னிரண்டு நாள் சிசுப் பராமரிப்புப் பிரிவில் இருந்துவிட்டு, வைகாசி பிறந்த பிறகே வீடு வந்து சேர்ந்தது. ஆகையால் அதற்குச் சித்திரை தோஷம் கிடையாது என்று பாட்டி தீர்மானித்துவிட்டதாகவும், மூத்ததன் விஷயத்தில் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகவும் கேள்வி.